பேனா வடிவ பிஎச் மீட்டர்: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

பிஎச் என்பது ஒரு கரைசலின் அமிலத்தன்மையை, காரத்தன்மையைக் காட்டும் எண்: 7 நடுநிலை, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். முதலில் வந்த மீட்டர் எதில் வைத்தாலும் 7 என்றது. குழாய்த் தண்ணீரில் 7.02. சரி, நல்ல மீட்டர்தான் என்று நினைத்துக்கொண்டு வினிகரில் வைத்தேன், 6.97. சோப்புத் தண்ணீரில் 7.05. விற்றவர்களுக்கு எழுதினால், தண்ணீரில் 7 காட்டுகிறதே, அப்புறம் என்ன குறை என்று பதில் வந்தது. மூன்று முறை எழுதி, வினிகரில் வைத்து எடுத்த படத்தையும் அனுப்பிய பிறகுதான் மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டாவதாக வந்ததைத்தான் எட்டு மாதமாகப் பயன்படுத்துகிறேன். அதைப் பற்றித்தான் இந்த விமர்சனம். ஆனால் அந்த முதல் மீட்டரைச் சொல்லாமல் தொடங்க மனம் வரவில்லை, ஏனென்றால் இந்தக் கருவியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் அதில்தான் இருக்கிறது.

நுனியில் இருக்கும் குமிழ் சாதாரணக் கண்ணாடி அல்ல. ஹைட்ரஜன் அயனிகளுக்கு ஏற்ப மின்னழுத்தம் உண்டாகும்படி செய்த மெல்லிய கண்ணாடி. அதற்குள்ளே பிஎச் 7 அளவில் ஒரு கரைசல் நிரந்தரமாக அடைக்கப்பட்டிருக்கும். வெளியே நாம் நனைக்கும் கரைசலும் 7ஆக இருந்தால் இரண்டு பக்கமும் சமம், மின்னழுத்த வேறுபாடு ஏறக்குறைய பூஜ்யம். அங்கிருந்து ஒரு பிஎச் அலகு விலகினால் 25 டிகிரி செல்சியஸில் சுமார் 59 மில்லிவோல்ட் வரும், இரண்டு அலகு விலகினால் 118. மீட்டர் அளப்பது இந்த மில்லிவோல்ட்டை மட்டும்தான், அதைத்தான் பிஎச் எண்ணாக மாற்றித் திரையில் காட்டுகிறது. குமிழில் மயிரிழை அளவு விரிசல் விழுந்துவிட்டால் உள்ளேயும் வெளியேயும் ஒன்றாகிவிடும், வேறுபாடே எழாது. பூஜ்யம் மில்லிவோல்ட் என்றால் திரையில் 7. அதாவது செத்துப்போன பிஎச் மீட்டர் எல்லாவற்றையும் நடுநிலை என்று சொல்லும். அதனால் வாங்கியவுடன் தண்ணீரில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டுக்கொள்ளாதீர்கள். அமிலம் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றிலும் காரம் என்று தெரிந்த ஒன்றிலும் வைத்துப் பார்த்த பிறகு பெட்டியைத் தூக்கிப் போடுங்கள்.

நான் ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் மாணவர்களுக்குச் செய்முறை சொல்லிக்கொடுப்பவள். பல வருடம் லிட்மஸ் தாளையும், நிறவரிசை அட்டையோடு வரும் பிஎச் தாளையும் வைத்தே ஓட்டினோம். மேசை மேல் வைக்கும் பெரிய மீட்டர் ஒன்று உண்டு, ஆனால் அது ஒன்றே ஒன்று, மாணவர்கள் வரிசையில் நின்று முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அதனால்தான் கையடக்கமாக ஒன்று வாங்கினேன். பெட்டியில் மீட்டர், மூடிக்குள் ஊற்ற ஒரு சின்னக் குப்பி பாதுகாப்புத் திரவம், 4.01, 6.86, 9.18 என்று எழுதிய மூன்று பஃபர் பொடி உறைகள் (பஃபர் என்றால் பிஎச் எளிதில் மாறாத கரைசல், மீட்டரைச் சரிபார்க்க), பட்டன் பேட்டரிகள், மடித்த ஒரு தாள். அந்தத் தாளை யாரும் படிப்பதில்லை. படிக்க வேண்டும்.

ஏனென்றால் பெட்டியின் முகப்பில் பெரிதாக 0.01 என்று போட்டிருக்கிறார்கள், தாளில் பொடி எழுத்தில் துல்லியம் ±0.05 என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. முதலாவது, திரையில் எத்தனை தசமம் தெரியும் என்பது. இரண்டாவது, அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது. 0.05 அற்பமாகத் தெரிகிறது, ஆனால் பிஎச் மடக்கை அளவுகோல் (ஒரு அலகு மாறினால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு மாறும்) என்பதால் அது ஹைட்ரஜன் அயனிச் செறிவில் 12 சதவீத வித்தியாசம். மாணவர்கள் 4.37 என்று எழுதிக்கொண்டு வந்தால் 4.4 என்று மாற்றி எழுதச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவிக்கு அவ்வளவுதான் உரிமை உண்டு.

அடுத்து, வாங்கியவர்கள் பலர் ஒரு நட்சத்திரம் கொடுத்து எழுதும் புகார்: காய்ச்சி வடித்த நீரில் 7 காட்டவில்லை, 5.8 காட்டுகிறது, அதிலும் எண் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஏமாற்று வேலை. இந்த இடத்தில் மீட்டர் பக்கம்தான் நான். காற்றில் திறந்து வைத்த தூய நீர் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ளும். அது கார்போனிக் அமிலமாகும். நீரில் அதை எதிர்த்து நிற்க எதுவும் இல்லாததால் பிஎச் 5.6 வரை இறங்கலாம். மேலும் தூய நீரில் அயனிகள் மிகக் குறைவு, மின்சாரம் சரியாகக் கடத்தாது, அதனால் எண் நிலைக்க நேரம் எடுக்கும். 5.8 என்ற எண் சரி. 7 வரவேண்டும் என்ற எதிர்பார்ப்புதான் தவறு. தூய நீரில் வைத்து மீட்டரைச் சோதிப்பதே சரியான முறை அல்ல, அதற்குத்தான் பஃபர் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டாவது புகாரும் இதே மாதிரிதான். வெந்நீரில் வேறு எண் வருகிறதாம், தானியங்கி வெப்பநிலை ஈடு இருக்கிறது என்று பெட்டியில் போட்டிருந்தும். அந்த வசதி செய்வது ஒரே ஒரு வேலை. வெப்பநிலை மாறினால் ஒரு அலகுக்கு எத்தனை மில்லிவோல்ட் என்ற கணக்கும் மாறும், அதைத் திருத்திக்கொள்ளும். கரைசலின் பிஎச்சே வெப்பத்தால் மாறினால் அதை ஏன் மறைக்க வேண்டும்? சூடாக்கினால் நீர் அதிகமாக அயனியாகும், 60 டிகிரியில் நடுநிலை நீரின் பிஎச் சுமார் 6.5. அப்போதும் அது நடுநிலைதான், ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சமமாகத்தான் இருக்கின்றன. நடுநிலை என்றால் 7 என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்களுக்கு இது அதிர்ச்சி. எனக்கும் கல்லூரியில் படிக்கும்போது அப்படித்தான் இருந்தது. 25 டிகிரியில் மட்டும் பொருந்தும் எண் அது.

பஃபரும் இதற்கு விலக்கல்ல. 9.18 என்று எழுதியிருக்கும் போராக்ஸ் பஃபர் 20 டிகிரியில் 9.22ஐ ஒட்டி இருக்கும். பொடி உறையின் பின்புறம் வெப்பநிலை அட்டவணை அச்சிட்டிருக்கிறார்கள், அது நல்ல விஷயம், அதற்கு ஒரு புள்ளி கூட.

இனி பயன்பாடு. இந்த மீட்டரை நான் விரும்புவதற்கான காரணம் ஒரு மாணவி கேட்ட கேள்வி. “டீச்சர், வலிமையான அமிலம்னா அடர் அமிலம்தானே?” வருடா வருடம் யாராவது கேட்பதுதான். வலிமை வேறு, செறிவு வேறு என்று பலகையில் எழுதிக் காட்டுவேன், தலையாட்டுவார்கள், தேர்வில் மறுபடி தப்பாக எழுதுவார்கள். இந்த முறை 0.1 மோலார் (மோலார் என்பது செறிவின் அலகு) ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தையும் இரண்டு பீக்கரில் ஊற்றிக் கையில் மீட்டரைக் கொடுத்தேன். செறிவு ஒன்றுதான், ஒரே பாட்டில் அளவு, ஒரே பிபெட். முதல் பீக்கரில் 1.1, இரண்டாவதில் 2.9. ஹைட்ரோகுளோரிக் அமிலம் கரைந்ததும் முழுவதும் அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது, அசிட்டிக் அமிலத்தில் நூறு மூலக்கூறுகளில் ஒன்றுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் பிரிகிறது. மிச்சமெல்லாம் ஹைட்ரஜனை விடாமல் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறது.

இதுவரைக்கும் பிஎச் தாளிலும் காட்டிவிடலாம். அடுத்த படியில்தான் தாள் கைவிடும். இரண்டையும் பத்து மடங்கு நீர்த்துப்போகச் செய்தோம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சரியாக ஒரு அலகு ஏறி 2.1க்கு வந்தது. அசிட்டிக் அமிலம் அரை அலகுதான் ஏறியது, 3.4. பத்து மடங்கு நீர் ஊற்றியும் ஏன் ஒரு அலகு ஏறவில்லை? நீர்க்க நீர்க்கப் பிரியாமல் இருந்த மூலக்கூறுகளில் கூடுதல் பங்கு பிரிகிறது, குறைந்ததில் ஒரு பகுதியை அது ஈடுகட்டுகிறது. தாளில் இந்த அரை அலகு தெரியவே தெரியாது, நிறம் ஏறக்குறைய அதேதான். அப்புறம் நீர்க்காத இரண்டிலும் 25 மில்லி எடுத்து 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்கச் சொன்னேன். இரண்டுக்கும் அதே 25 மில்லி தேவைப்பட்டது. வலிமை குறைந்த அமிலத்துக்குக் காரம் குறைவாகப் போதும் என்று பந்தயம் கட்டாத குறையாகச் சொன்ன பையன் கொஞ்ச நேரம் ப்யூரெட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். காரம் ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டே இருக்கும்போது மிச்சமிருந்த மூலக்கூறுகளும் ஒவ்வொன்றாகப் பிரிந்து கொடுத்துவிடுகின்றன என்று அவனே சொன்னான். பலகையில் எழுதி இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைக்காத பதில் அது.

ஒரு சின்ன விஷயம், 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் புத்தகக் கணக்குப்படி 1.00 வரவேண்டும், மீட்டர் 1.1 காட்டும். அது பிழை அல்ல. அயனிகள் நெருக்கமாக இருக்கும்போது ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் எண்ணிக்கையைவிடச் செயல் குறைகிறது, மின்முனை, அதாவது அந்தக் கண்ணாடிக் குமிழ் உள்ள உணரும் பகுதி, உணர்வது அந்தச் செயலைத்தான்.

உப்புகளையும் சோதிக்காமல் விடாதீர்கள். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும், உப்பு என்றால் நடுநிலை என்று சின்ன வகுப்பிலிருந்து சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். சோடியம் குளோரைடுக்கு அது சரி. 0.1 மோலார் அம்மோனியம் குளோரைடில் மீட்டரை வைத்தால் 5.1 பக்கம் வருகிறது. சோடியம் அசிட்டேட்டில் 8.9. சமையல் சோடாவில் 8.3. சமையல் சோடாவின் வாய்பாட்டில் தனியாக ஒரு ஹைட்ராக்சைடு கிடையாது, அப்புறம் எப்படிக் காரத்தன்மை? நீரில் கரைந்து ஹைட்ராக்சைடு தருவதுதான் காரம் என்ற அர்ரீனியஸின் வரையறையை மட்டும் வைத்துக்கொண்டு இதை விளக்குவது சிரமம். 1923இல் பிரான்ஸ்டெடும் லவ்ரியும் தனித்தனியாகச் சொன்ன வரையறையில், புரோட்டானைக் கொடுப்பது அமிலம், வாங்குவது காரம். பைகார்பனேட் அயனி நீரிடமிருந்து புரோட்டானை வாங்கிக்கொள்கிறது, கொடுத்த நீர் ஹைட்ராக்சைடாக நிற்கிறது. மீட்டரில் 8.3 என்று பார்த்த பிறகு இதைச் சொன்னால் வேறு மாதிரி ஏறுகிறது.

பஃபர் செய்முறைக்கும் இது அருமையாக உதவியது. சம அளவு அசிட்டிக் அமிலமும் சோடியம் அசிட்டேட்டும் கலந்த 100 மில்லி, பக்கத்தில் 100 மில்லி காய்ச்சி வடித்த நீர். இரண்டிலும் ஒரு மில்லி 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம். நீர் ஐந்தே முக்காலிலிருந்து 3க்கு விழுந்தது. கலவையில் 4.7 என்ற எண் கடைசித் தசமத்தில் லேசாக ஆடியதோடு சரி. அதே ஒரு மில்லிதான். நம் இரத்தம் 7.35க்கும் 7.45க்கும் நடுவில் நிற்பதும் இந்த வகை ஏற்பாட்டால்தான், அங்கே அந்த வேலையைப் பெரும்பாலும் பைகார்பனேட் செய்கிறது.

இப்போது உண்மையான குறைகள்.

தரம்பார்த்தலுக்கு, அதாவது அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளவு கண்டுபிடிப்பதற்கு, இது சரிப்படாது. 25 மில்லி 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்க்கும்போது, முடிவுக்கு ஒரு சொட்டு முன்னால் பிஎச் 4 பக்கம் இருக்கும், ஒரு சொட்டுக்குப் பின்னால் 10 பக்கம். இரண்டே சொட்டில் ஆறு அலகு. இந்தப் பேனா எண் நிலைக்க இருபது, முப்பது விநாடி எடுத்துக்கொள்கிறது, சொட்டுக்குச் சொட்டு காத்திருந்து கை வலிக்கும். உடலும் குட்டை, பீக்கரில் நிற்க வைக்க முடியாது, கையிலேயே பிடித்திருக்க வேண்டும், மூடி வரை நனைந்தால் உள்ளே நீர் போய்விடும். பினாப்தலின் என்ற நிறங்காட்டி இரண்டு சொட்டு போட்டால் ஒரு நொடியில் தெரிகிற விஷயம் இது. அசிட்டிக் அமிலம் என்றால் முடிவுப் புள்ளி 8.7 பக்கம் வருவதால் மெத்தில் ஆரஞ்சு என்ற இன்னொரு நிறங்காட்டி முன்கூட்டியே நிறம் மாறி ஏமாற்றும். எந்த நிறங்காட்டி ஏன் என்று புரிய வைக்க மட்டும் ஒரு தடவை மீட்டரோடு செய்யலாம், தினமும் அல்ல.

வலிமையான காரத்தில் குறைத்துக் காட்டுகிறது. 12க்கு மேல் போகும்போது கண்ணாடி சோடியம் அயனியையும் ஹைட்ரஜன் என்று நினைத்துக் கொஞ்சம் கணக்கில் சேர்த்துக்கொள்ளும், எல்லாக் கண்ணாடி மின்முனைக்கும் ஓரளவு உள்ள பழக்கம். மலிவு ரகத்தில் கூடுதல். பெட்டியில் 0 முதல் 14 வரை என்று போட்டிருந்தாலும் நான் 1 முதல் 12 வரைதான் நம்புகிறேன்.

திரையில் மின்முனையின் சரிவைக் காட்டுவதில்லை. இது எனக்குப் பெரிய குறை. புதிய மின்முனை ஒரு அலகுக்கு 59 மில்லிவோல்ட்டை ஒட்டிக் கொடுக்கும், வயதாக வயதாகக் குறையும், பெரிய மீட்டர்கள் அதைச் சதவீதமாகக் காட்டிவிடும். இதில் அந்த வழி இல்லாததால் நானே ஒரு வழி வைத்திருக்கிறேன். 6.86லும் 4.01லும் அளவுத்திருத்தம் செய்துவிட்டு (பஃபரில் வைத்து அந்த எண்ணைக் காட்டும்படி மீட்டரைச் சரிசெய்துவிட்டு), 9.18 பஃபரைத் தெரியாத கரைசல் மாதிரி அளப்பேன். என்ன வருகிறது என்பதைத் தேதியோடு நோட்டில் குறித்துவிடுவேன்.

பராமரிப்பில் மூன்று விஷயம் கட்டாயம். குமிழைக் காயவிடக் கூடாது. கண்ணாடியின் மேல் நீரேறிய ஒரு மெல்லிய படலம் இருந்தால்தான் அது ஹைட்ரஜனை உணரும், காய்ந்தால் எண் மந்தமாக ஊர்ந்துகொண்டே இருக்கும். காய்ந்துபோனால் பதறாமல் பாதுகாப்புத் திரவத்தில் ஓர் இரவு ஊற வையுங்கள், பெரும்பாலும் திரும்பிவிடும். அந்தத் திரவம் பொதுவாக 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு. அது தீர்ந்துவிட்டதென்று காய்ச்சி வடித்த நீரில் ஊற வைக்காதீர்கள், மின்முனைக்குள் இருக்கும் உப்பு வெளியே கசிந்து அதன் ஆயுள் குறையும். அடுத்தது, துணியால் தேய்த்துத் துடைக்காதீர்கள். கழுவிவிட்டு மெல்லிய தாளால் ஒற்றி எடுத்தால் போதும், தேய்த்தால் கீறலும் விழும், நிலைமின்னூட்டமும் ஏறி எண் அலையும். கடைசியாக, பயன்படுத்திய பஃபரை மறுபடி குப்பியில் ஊற்றாதீர்கள். 9.18 பஃபர் திறந்து கிடந்தால் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு இறங்கிவிடும், அதை வைத்து அளவுத்திருத்தம் செய்தால் மீட்டர் அந்தத் தப்பையே உண்மையென்று கற்றுக்கொள்ளும்.

பிஎச் தாள் இருக்க இது எதற்கு என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். தாளை நான் விட்டுவிடவில்லை. அதற்கு அளவுத்திருத்தம் வேண்டாம், பேட்டரி வேண்டாம், கீழே விழுந்தால் உடையாது, சிந்திய திரவம் அமிலமா காரமா என்று உடனே தெரிய வேண்டும் என்றால் தாள்தான். ஆனால் கரைசலுக்கே நிறம் இருந்தாலோ, அதில் வெளுக்கும் பொருள் இருந்தாலோ தாள் தோற்றுவிடும். மின்னணு மீட்டர் பிறந்த கதையே அதுதான். பிஎச் என்ற அளவுகோலை 1909இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் கொண்டுவந்தார், கண்ணாடி மின்முனை பற்றிய ஹேபர், கிளெமென்சீவிச் ஆய்வும் அதே ஆண்டுதான் வெளியானது. ஆனால் அந்தக் கண்ணாடி வழியாக வரும் மின்னோட்டம் மிக மிகச் சிறியது, அதைச் சுலபமாக அளக்க நல்ல பெருக்கி கிடைக்கவில்லை. 1934இல் கலிஃபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மையை அளக்க முடியாமல் தவித்த பழைய நண்பர் ஒருவர் ஆர்னால்ட் பெக்மனிடம் வந்தார். சாற்றில் இருந்த சல்பர் டை ஆக்சைடு லிட்மஸை வெளுக்க வைத்துவிடும். பெக்மன் வெற்றிடக் குழாய்ப் பெருக்கியை வைத்து ஒரு பெட்டி செய்து கொடுத்தார். அந்தப் பெட்டி செய்த வேலையைத்தான் இந்தப் பேனா சட்டைப்பைக்குள்ளிருந்து செய்கிறது.

ஐந்தில் மூன்றரை கொடுப்பேன். அளவுத்திருத்தம் செய்ய, குமிழை நனைத்து வைக்கப் பொறுமை உள்ளவர் என்றால் நாலு. இல்லாதவர் தாளே வாங்கலாம், தாள் தப்பான தசமம் காட்டாது.

மாற்ற நினைப்பது ஒன்றுதான். இதில் மின்முனையைத் தனியாகக் கழற்ற முடியாது, அது கிழடானால் மீட்டர் முழுவதும் குப்பைக்குப் போகும். என் நோட்டில் முதல் மாதம் 9.18 பஃபர் 9.17 என்று இருக்கிறது, நேற்று 9.08. 9.0க்குக் கீழே இறங்கும் அன்று, மின்முனை மட்டும் மாற்றக்கூடிய ரகம் ஒன்று வாங்கிக்கொள்ளப் போகிறேன்.